ஆறடி நாலங்குலம்

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைக் காட்டில்
ஆடி மாதம் பதினேழு நாள் படம் எடுத்தோம்.
நான் ஃபோகஸ் பிடிப்பவன்.
நடிப்பவர் கண்ணிலிருந்து லென்ஸ்வரை டேப் வைத்து அளந்து
வளையத்தில் வெள்ளைக் கோடு போடுவது
என் பிழைப்பு.

கதையில் சிக்கல் ஒன்றும் இல்லை.
ஒருத்தி நிலத்தை எழுதிக் கொடுக்கிறாள்.
கைநாட்டு வைத்த பெருவிரலை
வெளியே வந்து
கட்டிக் கிடக்கும் வெள்ளைக் கிடாவின் முதுகில் துடைக்கிறாள்.
அவ்வளவுதான்.
முன்னால் வருகிற ஒரு மணி நேரமும்
பின்னால் வருகிற முக்கால் மணியும்
அந்தத் துடைப்பில்தான் தொங்குகின்றன.

நடித்தவள் தங்கபுஷ்பம்.
ஆலங்குளத்துப் பக்கம் பீடி சுற்றுகிறவள்.
டேப்பின் முனையை அவள் கண்ணருகே பிடித்தேன்,
ஆறடி நாலங்குலம்.
"பெட்டிக்கா தம்பி அளக்க?" என்று சிரித்தாள்.

ஒத்திகையில்
கேமரா மூன்று காலில் சும்மா நின்றது.
கேமராமேன் வடை தின்னப் போயிருந்தார்.
அவள் வந்தாள். நின்றாள்.
விரலைப் பார்த்தாள், வேறு யாருடையதோ போல.
பிறகு கிடாவைப் பார்த்தாள்.
பைய, ரொம்பப் பைய,
பிள்ளைக்குச் சாந்து வைப்பது போலத் துடைத்தாள்.
மானிட்டர் பக்கம் நின்ற லைட்மேன் செய்யது
கையிலிருந்த பீடியை அணைத்தார்.
பதிவுப் பொத்தானை
யாரும் அழுத்தியிருக்கவில்லை.

டேக் என்றதும் கேமரா தோளுக்கு ஏறியது.
"ஷாட்டுக்கு உயிர் வேணும்" என்றார் கேமராமேன்.
அவளைச் சுற்றினார்.
காற்று அவரைத் தள்ளியது.
அவர் மூச்சு வாங்கியது படத்தில் தெரிந்தது,
அவள் மூச்சு தெரியவில்லை.
விரல் ரோமத்தைத் தொடுகிற நொடியில்
பின்னால் ஒரு விசிறி வெயிலை வெட்டியது.
அழகு. லென்ஸ் அங்கே போய்விட்டது.
ஐந்து டேக்.
ஐந்திலும் விசிறி.

என் ஃபோகஸாவது சரியாக இருந்தது
என்று எழுத ஆசைதான்.
இல்லை.
ஐந்தடி, ஏழடி, மறுபடி ஐந்து என்று
வளையத்து எண்களின் பின்னால் ஓடினேன்.
ஐந்து தடவையும்
நான் அவளைப் பார்க்கவே இல்லை.

வண்ணார்பேட்டையில் மதியக் காட்சி.
மொத்தம் பத்தொன்பது பேர்,
பன்னிரண்டு பேர் அவள் கூட்டிவந்த பீடிக்கடைப் பெண்கள்.
திரையில் நடந்தாள்; நிலம் சாய்ந்தது.
வானம், விசிறி, அவள் காது,
கிடாவின் கொம்பு,
வானம், விசிறி.
"ஏல, தலய சுத்துதுல" என்று ஒருவன்
எழுந்து வெளியே போனான், திரும்பவில்லை.

கடைசியில் அந்தக் கிடா
முதுகில் நீலக் கறையோடு
மேலப்பாளையம் சந்தைக்குப் போகும்.
தொண்டை அடைக்க வேண்டிய இடம்.
"ஆட்டுக்கு என்னட்டி சீக்கு?" என்றாள் ஒருத்தி.
வரிசையே சிரித்தது.

"தொடச்சேன்லா," என்றாள் தங்கபுஷ்பம்
இருட்டைப் பார்த்து.
"நான் தொடச்சேன்."

வெளியே டீக்கடையில்
அந்தக் கேமராவுக்கு நாள் வாடகை என்ன என்று கேட்டாள்.
சொன்னேன்.
உதடு அசையக் கணக்குப் போட்டாள்.
"லட்சம் பீடி.
அஞ்சு மாசம் குனிஞ்ச தல நிமிராம சுத்தணும்.
நான் சுத்துனா பீடியாவது வருது தம்பி,
அவரு அந்தச் சுத்து சுத்துனாரே,
என்ன வந்துச்சு?"

டீ கிளாசுக்குக் கை நீட்டினாள்.
நகத்தோரம் புகையிலைப் பழுப்பு,
கத்தரி கிழித்த பழைய தழும்பு,
அதே பெருவிரல்.
இரண்டடி ஓரங்குலம்.
அளந்துவிட்டேன், பழக்கம்.
அவள் பஸ் வரும்வரை
அசையாமல் நின்றேன்.